புதுநோயை மதிப்பிடுமாறு

யாதேனும் ஒரு தேசத்தில் முன்னறியாத நோயொன்று தோன்றியுள்ளது என்னுஞ் செய்தி வந்தவுடன் மக்கள் இருகூறாகப் பிரிந்து நிற்றலைக் காண்கின்றோம். ஒருசாரார் உலகமே அழியப்போகின்றது என்று நடுங்கிக் கடைகளிலுள்ள அரிசியையும் மருந்தையும் வாரிச் செல்வர். மற்றொரு சாரார் இவையெல்லாம் பத்திரிகைக்காரர் கட்டிவிட்ட கதை என்று நகைத்துக் கைகழுவவும் மறுப்பர். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டவர்போலத் தோன்றினும் ஒரு வகையில் ஒத்தவரேயாவர். செய்தியை ஆராய்ந்து முடிவு செய்தவர் இவருள் எவருமில்லை. முடிவை முன்னரே செய்துகொண்டு செய்தியைப் படித்தவரே இருவரும்.

ஆராய்தல் வைத்தியருக்கும் அரசாங்கத்தாருக்குமே உரிய கருமம்; அதனோடு எமக்கென்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். பாடசாலையைத் திறப்பதா மூடுவதா என்று அதிபர் சிந்திக்க வேண்டியவராகின்றார். திருவிழாவை நடத்துவதா ஒத்திவைப்பதா என்று கோயில் தருமகர்த்தா முடிவுசெய்ய வேண்டியவராகின்றார். வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வந்திறங்கிய மகனை எந்த அறையிற் படுக்க வைப்பது, கிழவியை எங்கே அனுப்புவது என்று தாயொருத்தி அன்றிரவே தீர்மானித்தாக வேண்டும். ஆராய்ச்சிசாலையின் முடிவு வரும்வரை இவர்கள் காத்திருத்தல் இயலாது. அறியாமையின் நடுவே நின்று முடிவுசெய்தல் எல்லோர்க்கும் நேரும் கடமையாகும். எம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்க்கு இங்கே கூறப்படுவன புதியனவல்ல. ஏனையோரையும், இன்று வகுப்பிலிருந்து நாளை இத்தகைய பொறுப்புக்களை ஏற்கவிருக்கும் மாணாக்கரையும் நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இந்நூற்றாண்டிலே தோன்றிய இரு நோய்களை முதலில் ஒப்பிட்டு நோக்குவோம். சார்ஸ் என்னும் நோய் 2002ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்தில் தோன்றியது. கொவிட் என்னும் நோய் 2019ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மத்திய சீனத்து வூஹான் நகரில் அறியப்பட்டது. இரண்டுக்குங் காரணமான வைரசுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தன, நெருங்கிய உறவுடையன. இரண்டும் நுரையீரலைத் தாக்குவன. சார்ஸ் பீடித்தவராகக் கணக்கிடப்பட்டோர் 8,096 பேர்; அவருள் இறந்தோர் 774 பேர். அஃதாவது, நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேர் மாண்டனர். கொவிட் தொற்றியவருள், தடுப்பூசி வருவதற்கு முன்னரும், நூற்றுக்கு ஒருவரளவிலோ அதனினுங் குறைவாகவோதான் பெரும்பாலான நாடுகளில் இறந்தனர்.

நூற்றுக்குப் பத்து, நூற்றுக்கு ஒன்று என்னும் இவ்விரு எண்களை மாத்திரம் கேட்ட ஒருவர், முன்னையதே உலகுக்குப் பேரிடர் விளைத்திருக்கும் என்று கருதுவார். நிகழ்ந்ததோ வேறு. சார்ஸ் 2003ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் முற்றாக அடக்கப்பட்டது. கொவிட்டினால் இறந்தோரென அரசாங்கங்கள் அறிவித்த தொகை மாத்திரம் எழுபது இலட்சத்தைக் கடந்தது. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் உலகெங்கும் வழக்கத்துக்கு மேலதிகமாக நிகழ்ந்த மரணங்கள் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது.

எனவே, நோயின் கொடுமை வேறு, நோயினால் வரும் அபாயம் வேறு என்பது பெறப்படும். பீடிக்கப்பட்ட ஒருவனுக்கு நேருங் கேட்டின் அளவு கொடுமை. ஊருக்கும் உலகுக்கும் நேரக்கூடிய கேட்டின் அளவு அபாயம். செய்தித் தலைப்புக்கள் பெரும்பாலும் கொடுமையையே பேசுவன. எத்தனைபேர் மாண்டனர், எவ்வளவு விரைவில் மாண்டனர், எவ்வளவு துன்புற்று மாண்டனர் என்பனவே கண்ணிற் படும். அபாயத்தை அறிய வேண்டுபவர் வேறு சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது வினா, இந்நோய் நோயாளியை எவ்வழியால் வந்தடைந்தது என்பது. 2024ஆம் ஆண்டு கார்த்திகை மாத இறுதியிற் பெய்த பெருமழையால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்களும் தாழ்நிலங்களும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அடுத்த மாதத்தில் காய்ச்சலுற்றோர் சிலர் சிலநாட்களுள் இறந்தனர். இனந்தெரியாத காய்ச்சல் என்று செய்தி பரவிற்று. அச்சமும் உடன் பரவிற்று. பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்பது வெளியாயிற்று. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலுமிருந்து தோலிலுள்ள புண்வழியே உடலிற் புகுவது அந்நோய். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுதல் மிக அரிது. ஆகவே, அயல்வீட்டாரை அஞ்சி விலகுதலால் அங்கே யாதும் பயனில்லை. வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தலும், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்குச் செல்லுதலுமே வேண்டப்பட்டன. வழி தெரிந்தவுடன் அச்சத்தின் வடிவமே மாறிவிடுதலைக் காண்க.

விலங்கிலிருந்தோ நீரிலிருந்தோ மாத்திரம் மனிதனை வந்தடையும் நோய் எத்துணைக் கொடியதாயினும், அந்த மூலத்தை அடைத்துவிட்டால் நின்றுவிடும். 1997ஆம் ஆண்டில் ஹொங்கொங் நகரிலே பறவைக் காய்ச்சல் 18 பேரைப் பீடித்து 6 பேரைக் கொன்றது. அந்நகரத்துக் கோழிகள் யாவும் சில நாட்களுள் அழிக்கப்பட்டதும் நோயும் நின்றது. அவ்வகை வைரசு பின்னர்ப் பல தேசங்களிற் பறவைகளிடையே பரவியது. 2003ஆம் ஆண்டு முதல் தொளாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரைத் தொற்றி, அவருள் ஏறத்தாழ அரைப்பங்கினரைக் கொன்றுள்ளது. கொடுமையில் அதற்கு நிகரானவை சிலவே. ஆயினும், மனிதரிடையே தொடர்ந்து பரவும் ஆற்றலை அது இதுவரை அடையாமையால் உலகம் தப்பியிருக்கின்றது. அந்த ஆற்றலை அடையுமோ என்பதை அறிவதற்காகவே விஞ்ஞானிகள் அதனை இடைவிடாது கவனித்து வருகின்றனர்.

மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுகின்றது என்பதற்கு நம்பத்தக்க முதற்குறி யாது? நோயாளியைப் பராமரித்தவர் நோயுறுதலே. சந்தைக்கும் வயலுக்கும் போகாத தாதியும் வைத்தியரும் படுக்கையில் வீழ்வாராயின், நோய் மூலத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்க. 2003ஆம் ஆண்டு மாசி மாத இறுதியில் வியட்நாமின் ஹனோய் நகரத்து வைத்தியசாலையொன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த வர்த்தகர் ஒருவர் அனுமதிக்கப்பட்டார். அவருக்குப் பணிவிடை செய்தவர் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றனர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் அங்கு கடமையாற்றிய இத்தாலிய வைத்தியர் கார்லோ உர்பானி இக்குறியின் பொருளை உணர்ந்து மேலிடத்துக்கு அறிவித்தார். பங்குனி 12ஆந் திகதி உலகெங்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அம்மாதம் 29ஆந் திகதி உர்பானி அந்நோயினாலேயே மரணமானார். அவர் அறிவித்த காலத்தில் நோயின் பெயரும் தெரியாது, கிருமியும் தெரியாது. ஒரு வினாவைச் சரியாகக் கேட்டமையே அவர் உலகுக்குச் செய்த உதவி.

இவ்விடத்தில் அறிக்கைகளைப் படிக்கும் முறைபற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 2020ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி, சீன அதிகாரிகளின் ஆரம்ப விசாரணைகளில் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுதற்குத் தெளிவான சான்று காணப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் செய்தி வெளியிட்டது. தை 20ஆந் திகதி அத்தகைய தொற்று உண்டென்று சீனாவே உறுதிப்படுத்தியது. முதற்செய்தியைப் படித்த பலர், தொற்றாது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டதாகக் கொண்டனர். சான்று காணப்படவில்லை என்னுஞ் சொற்றொடர் அப்பொருளைத் தருவதன்று. நன்றாகத் தேடியபின்னுங் காணாமை ஒன்று. தேடத் தொடங்குமுன் காணாமை மற்றொன்று. எத்தனை பேரைப் பரிசோதித்தபின் இவ்வாறு கூறுகின்றனர் என்று கேட்டல் படித்தவர் கடனாம்.

இரண்டாவது வினா, ஒருவர் எப்பொழுது பிறருக்கு நோயைக் கொடுக்கின்றார் என்பது. சார்ஸுக்கும் கொவிட்டுக்கும் இடையே இருந்த பெருவேற்றுமை இதுவேயாம். சார்ஸ் நோயாளி, நோய்க்குறிகள் தோன்றிய பின்னரே, பெரும்பாலும் இரண்டாவது வாரமளவிலே, பிறருக்கு மிகுதியாகத் தொற்றச் செய்தார். அதற்குள் அவர் காய்ச்சல் மேலிட்டு வைத்தியசாலையிற் படுத்திருப்பார். ஆகவே காய்ச்சலுற்றோரைத் தேடிப் பிரித்து வைத்தலும், அவரோடு பழகியோரைத் தனிமைப்படுத்துதலும் நோயை நிறுத்தப் போதியனவாயின. தடுப்பூசி ஒன்றேனும் இன்றி, பழைய முறைகளாலேயே சார்ஸ் ஒழிக்கப்பட்டது. வைசூரியும் அத்தகையதே. நோயாளி காய்ச்சலுற்றுப் படுத்துக் கொப்புளந் தோன்றிய பின்னரே அது பெரிதும் தொற்றும். உலகினின்றும் ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்படும் நிலையை அது அடைந்தமைக்குத் தடுப்பு மருந்தோடு இவ்வியல்பும் காரணமாயிற்று.

கொவிட் அவ்வாறன்று. நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கும். சிலரிடத்தில் நோய்க்குறி தோன்றாமலே தொற்றும். 2020ஆம் ஆண்டு மாசி மாதத்தில் யப்பானின் யொக்கஹாமா துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்னும் பிரயாணிகள் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவருள் எழுநூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் தொற்றிற்று. தொற்றியவருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் பரிசோதிக்கப்பட்ட வேளையில் யாதொரு நோய்க்குறியும் இல்லாதிருந்தனர். விமான நிலையத்தில் நெற்றியின் வெப்பத்தை அளக்குங் காவல் இத்தகையோரை எவ்வாறு தடுக்கும்? நோயாளியைக் காணலாம், நோய் அவரை விட்டு முன்னரே அடுத்த வீட்டுக்குச் சென்றிருக்கும். புதுநோய் பற்றிய செய்தியில் இறந்தோர் தொகையைக் காட்டிலும், நோயுறுமுன் தொற்றுமா என்னும் வினாவுக்குரிய விடையையே முதலில் தேடுக.

மூன்றாவது வினா, சொல்லப்படும் பின்னத்தின் மேலெண் எது, கீழெண் எது என்பது. நூற்றுக்கு இத்தனை பேர் இறந்தனர் என்பது ஒரு பின்னம். இறந்தோர் மேலெண், பீடிக்கப்பட்டோர் கீழெண். தொடக்கக் காலத்தில் இரண்டும் பிழையாகவே இருத்தல் கூடும். அப்பிழைகள் எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் என்பதே கவனிக்கத்தக்கது.

2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மெக்சிக்கோவிலிருந்து புதியவகை இன்புளுவென்சா பற்றிய செய்தி வந்தது. திடகாத்திரமான இளைஞர் பலர் நியூமோனியாவால் இறந்தனர் என்று கேட்டு உலகம் திடுக்கிட்டது. அங்கே எண்ணப்பட்டவர் வைத்தியசாலைக்கு வந்த கடும் நோயாளரே. வீட்டில் இரண்டு நாட்கள் படுத்தெழுந்து தம் வேலைக்குப் போனவர் கணக்கில் வரவில்லை. கீழெண் சிறிதாக இருந்தமையாற் பின்னம் பெரிதாயிற்று. பரிசோதனை பரவலாக நடைபெற்றபின் அது மிகவுஞ் சுருங்கிற்று. ஆயினும் அந்நோயைப் பொய்யெனத் தள்ளியவரும் பிழைத்தவரே. முதலாண்டில் அதனால் உலகில் நிகழ்ந்த மரணங்கள் 151,700க்கும் 575,400க்கும் இடைப்பட்டன என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் பின்னர் மதிப்பிட்டனர்.

சார்ஸ் நோயிலே பிழை எதிர்த்திசையிற் சென்றது. தொடக்கத்தில் நூற்றுக்கு நான்கு என்னும் அளவிலே இறப்பு வீதம் கூறப்பட்டது. முடிவிலோ அது பத்தை நெருங்கிற்று. வைத்தியம் கெட்டுவிட்டதன்று காரணம். இறந்தோர் தொகையை அன்றைய மொத்த நோயாளர் தொகையால் வகுத்தனர். இன்னும் படுக்கையிற் கிடந்து உயிருக்குப் போராடியவரும் பிழைத்தவர் கணக்கிற் சேர்ந்துவிட்டனர். பரீட்சை மண்டபத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவரைச் சித்தியடைந்தவராக எண்ணுதல் போன்றது இது. ஆகவே முதல் மாதத்து வீதத்தைக் கல்வெட்டாகவுங் கொள்ளற்க. அது மாறியபொழுது பொய்யுரைத்தனர் என்று பழிக்கவும் வேண்டா. எவரை எண்ணினர், எவரை எண்ணவில்லை என்பதைக் கேட்டறிக.

மரணமொன்றே கேட்டின் அளவுகோல் அன்று என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிக்குன்குனியா பல்லாண்டுகளின்பின் இலங்கைக்கு மீண்டும் வந்து, யாழ்ப்பாணத்திலும் பரவியது. அதனால் இறப்போர் மிகச் சிலர். ஆயினும் வீட்டிலுள்ளோர் அனைவரும் மூட்டுவலியால் ஒரேகாலத்திற் படுத்துவிட, தண்ணீர் அள்ளிக் கொடுக்கவும் ஆளில்லாதிருந்த குடும்பங்கள் உண்டு. கொடுமை குறைந்த நோயும் எல்லோரையும் ஒருங்கே வீழ்த்துமாயின் ஊர் முடங்கிவிடும்.

நான்காவது வினா, நோய் எத்துணை வேகத்திற் பெருகுகின்றது என்பது. நோயாளி ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றச் செய்கின்றார் என்பதே இதன் அடிப்படை. இரண்டு பேருக்காயின் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாவது படியில் 1,024 ஆகும். இருவரில் ஒருவரே மற்றொருவருக்குக் கொடுப்பாராயின், ஆயிரம் நோயாளரும் பத்தாவது படியில் ஒருவராய்ச் சுருங்கிவிடுவர். ஒன்று என்னும் எண்ணே இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட எல்லை. அதற்கு மேற்பட்டால் நோய் வளரும். கீழ்ப்பட்டால் தானே அவியும். இவ்வெண் நோயின் இயல்பை மாத்திரம் பொறுத்ததன்று. எம்முடைய நடத்தையையும் பொறுத்தது. நோயைக் கொல்லாமலே அவ்வெண்ணைக் குறைத்தல் கூடும் என்பதே தொற்றுத்தடுப்பு முயற்சிகள் அனைத்துக்கும் ஆதாரமாம்.

பெருக்கத்தோடு தாமதமுஞ் சேருங்கால் மனிதர் கண் பெரிதும் ஏமாறும். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு நோய் தொற்றிய நூற்றுவரில் ஒருவரைக் கொல்வது. தொற்றியதற்கும் இறப்புக்கும் இடையே இருபது நாட்கள் செல்வன. நோயாளர் தொகை ஐந்து நாட்களுக்கொருமுறை இரட்டிப்பது என்று கொள்வோம். ஊரில் முதல் மரணம் நிகழ்ந்தது. நூற்றுக்கொருவர் இறப்பதாயின், இருபது நாட்களுக்கு முன்னரே ஏறத்தாழ நூறுபேருக்குத் தொற்றியிருத்தல் வேண்டும். அந்த இருபது நாட்களில் தொகை நான்குமுறை இரட்டித்திருக்கும். எனவே முதற் சாவீட்டிற்கு நாம் போகும் அன்று, அவ்வூரில் 1,600 பேருக்கு நோய் தொற்றியிருக்கும். இன்னும் இருபது நாட்கள் பொறுத்துப் பார்ப்போம் என்போமாயின் 25,600 பேராவர். ஒருவர்தானே இறந்தார் என்று கூறுவார், மூன்று வாரங்களுக்கு முற்பட்ட ஊரைப்பற்றிப் பேசுகின்றார். ஆதலால், இன்றைய தொகை சிறிதோ பெரிதோ என்பதைவிட, சென்ற கிழமையின் தொகையோடு ஒப்பிட அது எத்தனை மடங்காயிற்று என்பதே கேட்கவேண்டியது.

ஐந்தாவது வினா, எவ்விடத்தில், எத்தகைய மக்களிடையே நோய் புகுந்தது என்பது. எபோலா நோய் 1976ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் சயர் நாட்டு யம்புக்கு என்னும் உட்கிராமத்தில் முதன்முறை அறியப்பட்டபோது 318 பேரைப் பீடித்து 280 பேரைக் கொன்றது. கொன்று தானும் அடங்கிற்று. பின்வந்த பல தடவைகளிலும் நூற்றுக்கணக்கினரோடு நின்றது. ஆகவே 2013ஆம் ஆண்டின் இறுதியில் கினி நாட்டில் அது தோன்றியபோதும் அவ்வாறே அடங்குமென்று பலர் நம்பினர். இம்முறையோ அது எல்லைப்புறத்துப் பாதைகளின் வழியே லைபீரியாவுக்கும் சியராலியோனுக்கும் சென்று, தலைநகரங்களின் நெருக்கமான குடியிருப்புக்களிற் புகுந்தது. இறந்தவர் உடலைக் கையால் நீராட்டி அடக்கஞ் செய்யும் வழக்கமும், போர்களால் நலிந்த வைத்தியசாலைகளும் அதற்குத் துணையாயின. 2014 ஆவணி 8ஆந் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தபோது ஏறத்தாழ ஆயிரம்பேர் இறந்திருந்தனர். முடிவில் 28,600 பேர் பீடிக்கப்பட்டு 11,300 பேர் மாண்டனர். வைரசு பெரிதும் மாறிவிடவில்லை; அது வந்து சேர்ந்த இடமே மாறியிருந்தது.

அதே ஆண்டு ஆடி மாதத்தில் அந்நோயோடு ஒரு பிரயாணி நைஜீரியாவின் லேகொஸ் நகரில் விமானத்தால் வந்திறங்கினார். கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் நகரமது. அங்குள்ள சுகாதாரப் பகுதியினர், நோயாளரோடு பழகிய ஏறத்தாழத் தொளாயிரம் பேரை வீடுவீடாகத் தேடிக் கண்காணித்தனர். 20 பேரோடு நோய் நின்றது. இறந்தோர் 8 பேர். ஐப்பசி மாதத்தில் நைஜீரியா நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. எனவே, பிறநாட்டில் நிகழ்ந்ததே எம் நாட்டிலும் நிகழும் என்றுங் கொள்ளற்க. முன்னர் நிகழ்ந்ததே இனியும் நிகழும் என்றுங் கொள்ளற்க.

ஆறாவது வினா, பிழை நேரின் எப்பக்கத்துப் பிழையைப் பொறுக்கலாம் என்பது. முன்னைய ஐந்தும் நோயைப்பற்றியன. இஃதொன்றே எம் செய்கையைப்பற்றியது. 1976ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் டிக்ஸ் கோட்டை இராணுவ முகாமில் பன்றியினத்து இன்புளுவென்சா தோன்றி, போர்வீரன் ஒருவன் இறந்தான். இருநூற்றுக்கு மேற்பட்ட வீரருக்குத் தொற்றியிருந்தமை இரத்தப் பரிசோதனையால் தெரிந்தது. 1918ஆம் ஆண்டிலே உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற இன்புளுவென்சா மீண்டுவிட்டதோ என்று அறிஞர் அஞ்சினர். நாட்டார் அனைவருக்கும் தடுப்பூசி இடப்படும் என்று சனாதிபதி போர்ட் பங்குனி மாதத்தில் அறிவித்தார். ஐப்பசியில் ஊசி இடத் தொடங்கி, நான்கு கோடிக்கு மேற்பட்டோருக்கு இட்டனர். நோயோ அம்முகாமை விட்டு வெளியே பரவவேயில்லை. ஊசி பெற்றவருள் இலட்சத்துக்கு ஒருவர் அளவிலே, கைகால்களின் வலுவைக் கெடுக்கும் குயிலன்-பாரே என்னும் நரம்பு நோய் மேலதிகமாகக் காணப்பட்டது. மார்கழி மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது.

தடுப்பூசியைத் தயாரித்தது பிழையன்று. அஞ்சுதற்கு நியாயம் இருந்தது. தயாரித்தல், இடுதல் என்னும் இரண்டையும் ஒரே தீர்மானமாகப் பிணைத்து, இடையில் மீண்டும் நிலைமையை ஆராய்தற்கு ஒரு தவணையை வைக்காமையே பிழையாம். வெளியே ஒருவருக்கும் நோயில்லை என்று ஆவணி மாதத்திலேயே கண்டவர், மருந்தைக் களஞ்சியத்தில் வைத்துக் காத்திருந்திருக்கலாம். எளிதிற் செய்து எளிதில் திரும்பப் பெறக்கூடியவற்றைச் சான்று முற்றுமுன்னரே செய்க: கைகழுவுதல், சன்னல்களைத் திறத்தல், காய்ச்சலுற்ற பிள்ளையை வீட்டில் நிறுத்துதல், கூட்டத்தைச் சில நாட்கள் ஒத்திவைத்தல் என்பன அத்தகையன. திரும்பப் பெற முடியாதவற்றுக்கும், சிலர்மீது மாத்திரம் பெருஞ்சுமையை ஏற்றுவனவற்றுக்கும் வலிய சான்றை வேண்டி நிற்க.

இவ்விதியை மறந்தமையால் எம் நாட்டிலே நேர்ந்த துயரமொன்று உண்டு. கொவிட்டினால் இறந்தவரை அடக்கஞ் செய்தலும் தகனஞ் செய்தலும் ஆகும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்கவும், இலங்கையில் 2020 சித்திரை முதல் 2021 மாசி வரை தகனமே சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசுறும் என்று கூறப்பட்டது. அதற்குத் தக்க சான்று காட்டப்படவில்லை. அடக்கஞ் செய்தலைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களும், கிறித்தவர் பலரும் தம் பெற்றோரையும் பிள்ளைகளையும் தம் முறைப்படி வழியனுப்ப இயலாது வருந்தினர். 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரிற்று. மன்னிப்பினால் ஓருடலும் மீளவில்லை. முதலாவது வினாவை, அஃதாவது நோய் எவ்வழிச் செல்கின்றது என்பதை, நிதானமாகக் கேட்டிருந்தால் இத்துயரம் நேர்ந்திராது. அச்சம் மிகும்போது அதன் சுமை பெரும்பாலும் எண்ணிக்கையிற் சிறியோர் தலையிலேயே விழும் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வாறு வழி, காலம், பின்னம், வேகம், இடம், பிழையின் விலை என ஆறு வினாக்கள் உளவாயின. இவற்றுக்கு முதல் வாரத்திலேயே விடை முழுதும் கிடைத்தல் அரிது. எவ்வினாவுக்கு இன்னும் விடையில்லை என்பதை அறிதலும் அறிவேயாம். மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுகின்றது, நோய்க்குறி தோன்றுமுன் தொற்றுகின்றது, வாரந்தோறும் மடங்காய்ப் பெருகுகின்றது என்னும் மூன்றும் ஒருங்கே உண்டென்று தெரிந்தால், இறப்புவீதம் சிறிதென்று தேறியிருத்தலாகாது. இம்மூன்றும் இல்லையாயின், இறப்புவீதம் பெரிதென்று ஊரெல்லாம் நடுங்கவேண்டியதுமில்லை.

மாணாக்கருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புதுநோயின் பெயரை இன்று எவரும் அறியார்; அது வரும் என்பதை மாத்திரம் அறிவோம். அச்செய்தி வரும் நாளில் இவ்வாறு வினாக்களையும் ஒரு கடதாசியில் எழுதுக. தெரிந்த விடையை எதிரே குறிக்க. தெரியாத இடத்தில், வெட்கமின்றி, தெரியாது என்று குறிக்க. மேலே திகதியை இடுக. ஏழு நாட்கள் கழித்து அதே கடதாசியை எடுத்து, புதிதாய் அறிந்ததைக்கொண்டு திருத்துக. சென்ற வாரம் எழுதியதை இந்த வாரம் வெட்ட நேர்ந்தாற் கூசவேண்டா. வெட்டவேண்டியதை வெட்டாது விடுதலே கூசத்தக்கது. அக்கடதாசியை வீட்டிலுள்ள பெரியோருக்கும் காட்டுக. தீர்மானிக்கும் பொறுப்பு அன்றிரவு அவர்களுக்கே உரியதாகும்.